ஒன்பது புத்தகங்களும் ஓர் எனாமல் பேசனும்

ஒன்பது வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பத்து என்று போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டு, சந்தியாகு மச்சாது பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வந்து வேட்டியிலிருந்து சாரத்துக்கு மாறியாயிற்று, ஐந்து இட்லி உள்ளே போயாயிற்று, அடுக்களையில் பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாள் விளமீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிற சத்தம். மதியச் சோற்றுக்கு முன்னால் இருக்கிற இந்த இரண்டு மணி நேரம்தான் வாரத்திலேயே அவருக்குப் பிடித்த நேரம். கப்பலில் முப்பத்திரண்டு வருடம் எஞ்சின் அறையில் ஆயில்மேனாக வெந்தவனுக்கு மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய கொடுப்பினை, அதில் மேசை நிறையப் புத்தகமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியில் இந்தத் தெருவில் இவ்வளவு திருப்தியாக ஒரு மனுசன் இருக்கிறான் என்று யாருக்காவது தெரியுமா என்று நினைத்தார், நினைத்துவிட்டு அந்தப் புள்ளியைப் பார்த்தார், திருப்தியில் ஒரு மூலை கிழிந்தது. பன்னிரண்டு மணிக்கு ஜெயசீலி டீச்சர் வருவார். வாசகர் வட்டத்தின் மாத இதழை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிற கணக்கு டீச்சர். ஏப்ரல் எட்டு ரோமா மக்களுக்கான உலக நாளாம், அந்த இதழுக்கு 'ரோமா மக்களை அறிந்துகொள்ளப் பத்துப் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் வேண்டுமாம், உங்களை விட்டால் இந்த ஊரில் வேறு யார் அண்ணே இருக்கிறார்கள் என்று போனில் குளிர வைத்தார். குளிர்ந்துதான் போனார். அதோடு வைத்திருக்கலாம் டீச்சர். வைக்கவில்லை. "அப்புறம் அண்ணே, நம்ம பழைய இதழ்ல வந்துச்சுல்லா உங்க பேசன் கதை, அதயும் பக்கத்துல பெட்டி கட்டிப் போட்டுருதேன். இப்பவும் ஜனங்க அதத்தான் கேக்காவ" என்றார். சரி டீச்சர் என்று இவரும் சொல்லிவிட்டார். சரி என்பது அவர் வாயில் எப்போதும் மனசுக்கு முன்னால் வந்து நிற்கிற சொல்.

புத்தகங்களுக்கு அவர் வைத்திருக்கிற பெயர்கள் அட்டையில் இருக்கிற பெயர்கள் அல்ல. கறுப்பு, பச்சை, கிழிஞ்சது, மீசைக்காரர், கோழி. கறுப்பு வரலாறு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் வடமேற்குப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் ருமேனியா மண்ணில் எத்தனை நூற்றாண்டு அடிமைகளாகக் கிடந்தார்கள், ஹிட்லர் காலத்தில் எத்தனை லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைக் கேட்க அப்புறம் ஒருவனும் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்த இரண்டு மாதம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எண்ணெய்க் கையோடு படித்த பக்கங்களில் இன்னும் பெருவிரல் ரேகை இருக்கிறது. மீசைக்காரர், அவர்களில் ஒருவரே எழுதிய தன் கதை. கிழிஞ்சது, அவர்கள் பாட்டுகள். பச்சை, அவர்கள் வீட்டு வழக்கங்கள். கோழி, சமையல் புத்தகம், அட்டையில் கோழி. ஒரு குழந்தைப் படப்புத்தகம்கூட இருக்கிறது, பல் விழுந்த சின்னப் பெண் சிரிக்கிறது, மகள் கோயம்புத்தூரிலிருந்து தபாலில் வாங்கி அனுப்பியது. எட்டாவது படிப்போடு கப்பலேறிய ஆள் அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படித்ததே இவர்களுக்காகத்தான் என்று சொன்னால் இஞ்ஞாசி, நம்ம வீட்டு ரேஷன் கார்டை இப்படிப் படிச்சிருந்தா எப்பவோ பேரைத் திருத்தியிருக்கலாம் என்பாள். ஒன்பதுக்கும் இரண்டிரண்டு வரி எழுதியிருக்கிறார், நல்ல வரிகள். 'ஜிப்சி என்று நாம் சொல்வது அவர்களில் பலருக்கு வசவு, ரோமா என்றே சொல்வோம்' என்று முதலிலேயே போட்டிருக்கிறார். 'ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்' என்று பச்சைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார். எழுதும்போது மனசு நிறைந்துதான் இருந்தது. பச்சை வந்ததும்தான் கை கொஞ்சம் மெதுவானது. பச்சையில் நூற்று நாற்பதாம் பக்கம் இருக்கிறது. எல்லாப் புத்தகத்திலும்தான் நூற்று நாற்பதாம் பக்கம் இருக்கிறது, ஆனால் அவருக்கு அது பச்சையில் மட்டும்தான்.

தேங்காய் அரைக்கிற சத்தம் நின்று, புளி கரைக்கிற வாசம் வந்தது. ருமேனியாவின் கான்ஸ்டன்சா துறைமுகத்தில் புளி கிடையாது. தொண்ணூற்று மூன்றில் யூரியா ஏற்றப் போய், மழை, வேலைநிறுத்தம், பதினேழு நாள் கப்பல் அசையாமல் கிடந்தது. தளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ரோமாக்காரன் மரின் இவரைப் பார்த்து 'பாணி' என்று கையைக் குவித்துக் காட்டினான். பம்பாய்த் துறைமுகத்தில் பழகிய காதுக்கு அது தண்ணீர் என்று விளங்கியதில் இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது, கேனோடு கொடுத்தார். மறுநாள் மூக்கைத் தொட்டு நாக், காதைத் தொட்டுக் கான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வா. பொட்டல் மண் ரோட்டில் முழங்கால் வரை சேறு. போகாதே, உருவிவிடுவார்கள் என்று சீஃப் எஞ்சினியர் சொல்லியிருந்ததால் சட்டைப் பைக்குள் இருந்த, கரையில் இறங்கக் கப்பலில் தந்த சீட்டை வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார், அதுவும் ஒரு வெட்கம்தான், ஆனால் சின்ன வெட்கம், அதைத் தாங்கலாம். வீட்டு வாசலில் பூப்போட்ட நீளப் பாவாடையோடு மரினின் பெண்டாட்டி ஃப்ளோரிகா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மர பெஞ்சு, பெஞ்சின்மேல் நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் பேசன், நிறையச் சுத்தமான தண்ணீர். நம்மூர்க்காரன் வாசலில் தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வான்? காலைக் கழுவாமல் ஒரு வீட்டுக்குள் போவதா? அம்மா பெயரைக் கெடுப்பதா? பூட்சைக் கழற்றினார், பேசனைப் பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார், இரண்டு காலையும் உள்ளே விட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, பாருங்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவன் என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். பெண் பிள்ளைகள் வீல் என்றார்கள். மரின் மூஞ்சி செத்துப்போயிற்று. ஃப்ளோரிகா வந்தாள், பேசனை எடுத்தாள், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள், ஓடைப் பக்கம் டணார் என்று சத்தம்.

டணார். கதை அங்கே முடியும். அங்கே முடிந்தால்தான் அது கதை. கறுப்பன் கால் பட்டதுன்னு பேசனையே தூக்கி எறிஞ்சுட்டாய்யா என்று முதலில் கப்பல் சாப்பாட்டு மேசையில் சொன்னார், ஒன்பது பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், சீஃப் எஞ்சினியர் நான் அப்பவே சொன்னேன்ல என்றார். ஊருக்கு வந்து மச்சினன் கல்யாணத்தில் சொன்னார். கடற்கரையில் சொன்னார். டணார் என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும் என்று பத்தாவது தடவையில் பிடிபட்டது. மகள் கல்லூரியில் நிறவெறி பற்றிப் பேசும்போது அதைச் சொல்லிப் பரிசு வாங்கி வந்தாள், அன்றைக்கு அப்பாவுக்கு என்ன பெருமை. தானும் உலகத்தில் ஒதுக்கப்பட்டவன், அதுவும் ஒதுக்கப்பட்டவர்களாலேயே ஒதுக்கப்பட்டவன் என்பதில் ஒரு ருசி இருக்கிறது, அந்த ருசியை மனுசன் லேசில் விடமாட்டான். அப்புறம் இரண்டாயிரத்து நாலு, ராட்டர்டாம், பழைய புத்தகக் கடையில் பச்சை. கப்பலின் பங்க் படுக்கையில் படுத்துக்கொண்டு நூற்று நாற்பதாம் பக்கம். மாவு பிசைகிற, பாத்திரம் கழுவுகிற பேசன் வேறு, முகம் கழுவுவது வேறு, இடுப்புக்குக் கீழே கழுவுவது வேறு, இந்தக் கட்டுப்பாடு உள்ள குடும்பங்களில் சாப்பாட்டுப் பேசனில் யார் காலாவது பட்டால், பெற்ற பிள்ளையின் காலே பட்டாலும், அது அப்புறம் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான். பெற்ற பிள்ளையின் கால். எஞ்சின் அதிர்வில் பங்க் ஆடிக்கொண்டிருந்தது, அவர் எழுந்து உட்கார்ந்து தன் காலைப் பார்த்தார். நிறம் எங்கே வந்தது இதில்? வெள்ளைக்கால் கப்பல்காரன் ஒருத்தன் நின்றிருந்தாலும் அதே டணார்தானே. மாவு பிசைய வைத்திருந்த தண்ணீர். இந்தத் தடியன் வந்து. சரி, தெரியாமல் செய்தது, தெரியாமல் சொன்னது, கர்த்தர் மன்னிப்பார். ஆனால் தெரிந்த பிறகு? இரண்டாயிரத்து நாலுக்குப் பிறகு எத்தனை தடவை சொன்னாய் சந்தியாகு? விரல் விட்டு எண்ணினால் கை பத்தாது. ஆறு வருடத்துக்கு முன்னால் டீச்சர் கேட்டபோது பச்சையை இதே அலமாரியில் வைத்துக்கொண்டே, 'கறுப்பன் கால் பட்ட பேசன்' என்று தலைப்பு போட்டு எழுதிக் கொடுத்தாய். சொல்லிவிட்டு மனசு உறுத்தும்போதெல்லாம் ஒரு புத்தகம் வாங்கினாய். கதையைச் சொல்வது, பிறகு புத்தகம் வாங்குவது, திரும்பச் சொல்வது. பச்சைக்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அப்படி வந்தவைதான். அறிஞராம், அறிஞர்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. அவருக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது, அல்லது எழுந்து போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, இரண்டில் ஒன்று. அடுக்களையில் இஞ்ஞாசியம்மாள் இன்னொரு அடுப்பில் குழம்பைக் கிண்டிவிட்டு, அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடப் பெண்டாட்டி. பின்னால் வந்து நின்றால் திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரியும் அவளுக்கு.

"என்ன, குழம்பு கொதிக்கவே இல்ல, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சு வந்துட்டியளா?"

"ஏளா, அது என்ன சட்டி?"

"கண்ணு போயிட்டா? அரிசி களையுற சட்டி."

"நான் இதுல காலக் கழுவினா என்ன செய்வ?"

அவள் கரண்டியோடு திரும்பி மேலிருந்து கீழாக அவரைப் பார்த்தாள். "உங்க தலையில கவுத்துவேன்."

"பெறவு?"

"பெறவு என்ன பெறவு? தூக்கி வெளிய எறிவேன். கால் கழுவின சட்டியில அரிசி களைஞ்சு உங்களுக்கே சோறு போடச் சொல்லுதியளா? எதுக்குக் கேக்குதீய, கழுவிட்டியளா?"

"இல்ல, சும்மா."

"சும்மா கேக்குத கேள்வியப் பாரு. வெங்காயம் உரிச்சுத் தாரீயளா, இல்ல போறீயளா?"

அவர் வெங்காயம் உரித்தார். நாலு வெங்காயம் உரிக்கிற நேரம் அங்கேயே நின்றார். தனக்குப் பதினோரு வருடமும் ஒரு பச்சைப் புத்தகமும் தேவைப்பட்டது, இவளுக்குக் கரண்டியைத் திருப்புகிற நேரம் போதும். இவளுக்கு அந்தக் கதை ஐம்பது தடவை தெரியும், நடுவில் விட்டால் எடுத்துக்கொடுப்பாள், ஆனால் கதையில் இருக்கிற பேசனும் கையில் இருக்கிற சட்டியும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான். எந்தத் தடவையும் அது மாவு பிசைகிற பேசன் என்று சொன்னதில்லை, வெறும் பேசன். சொல்லாமல் விட்டது அது ஒன்றுதானா? வெங்காயம் கண்ணைக் கரித்தது, நல்லதாகப் போயிற்று. டணாருக்குப் பிறகு என்ன நடந்தது என்பது இருக்கிறதே, அதன் பக்கம் போகவே அவர் மனசு ஒத்துக்கொள்வதில்லை, வாசல்வரை போய்விட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், குழம்பு, மகள், பென்ஷன் ஆபீஸ், எங்கேயாவது. இப்போதும் திரும்பியது. டீச்சர் பன்னிரண்டுக்கு வருவார், பெட்டி கட்டிப் போடுவார். போடட்டுமே, யாருக்கு என்ன நட்டம், கான்ஸ்டன்சாவில் உட்கார்ந்துகொண்டு ஃப்ளோரிகா தமிழ் இதழா படிக்கப் போகிறாள்? ஆனால் பத்துப் புத்தகம் படியுங்கள் என்று இந்தப் பக்கம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அந்தப் பத்தையும் பொய்யாக்குகிற ஒன்றைப் போடுவதா? படிக்கிறவன் எதை ஞாபகம் வைத்துக்கொள்வான்? பட்டியலையா? டணாரைத்தான். இனி ரோமா என்ற சொல்லைக் கேட்டால் தூத்துக்குடியில் நூறு பேருக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும், அதைக் காதில் போட்டது சந்தியாகு மச்சாது. சரி, வேண்டாம் டீச்சர், பெட்டியை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னால்? ஏன் என்று கேட்பார். கணக்கு டீச்சர், படிப்படியாகக் கேட்பார். சொன்னால் மரியாதை போகும், மகளுக்குத் தெரியவரும், பரிசுக் கோப்பை இன்னும் அவள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. நெஞ்சுக்குள் லேசாகப் பயம் ஓடியது. அறுபத்தாறு வயதில் தெரு முழுக்கச் சிரிக்கிற கதையைத் திருப்பி வாங்கிக்கொள்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் விசித்திரம், பயத்துக்குக் கீழே அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்தி போகாமல் கிடந்தது. குழம்பு மணக்கத்தான் செய்தது. மின்விசிறி சுற்றத்தான் செய்தது. புத்தகங்கள் மேசையில் அவருக்காகத்தான் காத்திருந்தன. ஃப்ளோரிகாவின் முகம்கூட, முப்பது வருடம் கழித்து, கோபம் இல்லாமல்தான் ஞாபகம் வந்தது. கோபம் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெங்காயத் தோலை வாரிக் குப்பையில் போட்டார்.

டீச்சர் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். குடையை மடக்கி மூலையில் சாய்த்து, மேசையில் இருந்த பட்டியலை எடுத்து, நின்றுகொண்டே படித்தார். "அடேயப்பா" என்றார். "ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும் படிச்சிருக்கீய. பத்தாவது எங்க அண்ணே?"

"அது வருது டீச்சர். உக்காருங்க."

"அந்தப் பெட்டிச் செய்திய இப்பம் வாசிச்சுப் பாத்தேன், எழுத்துல அவ்வளவு எடுப்பா இல்ல. நீங்க வாயால சொல்லணும், அதுதான் அழகு. ஒரு தடவ சொல்லுங்க, நான் அப்படியே எழுதிக்கிடுதேன்." டீச்சர் நோட்டைத் திறந்தார். அடுக்களையிலிருந்து இஞ்ஞாசியம்மாள், "ஆரம்பிச்சுட்டியளா?" என்று குரல் கொடுத்தாள்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். சரி என்று வந்தது. வந்த பிறகு என்ன செய்வது, சொன்னார். மழை, யூரியா, மரின், பாணி. பூட்சைக் கழற்றியது. விரலிடுக்கு. வாய் தானாகப் போயிற்று, பழகிய வழி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று அதற்குத் தெரியும். மூச்சு நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் செய்தது. "டணார்" என்றார். டீச்சர் நோட்டை மூஞ்சியில் வைத்துக்கொண்டு சிரித்தார், உள்ளேயிருந்து இஞ்ஞாசியம்மாள் சிரிப்பதும் கேட்டது, இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் அவள் அந்த இடத்தில் சிரிக்கத்தான் செய்கிறாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. சந்தியாகு காத்திருந்தார். இரண்டு பேரும் முழுக்கச் சிரித்து முடிக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை மூடப்போனார்.

"மூடாதீய டீச்சர். இன்னும் இருக்கு."

"இன்னுமா?"

"அது மாவு பிசையுற பேசன் டீச்சர். அதுல அவுக வீட்டுப் பிள்ளையே கால வச்சாலும் எறியணும். அதான் அவுக வழக்கம். நெறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது எனக்கு இருவது வருசமாத் தெரியும்." நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரிந்து நிறுத்தாமல் சொன்னார். "எறியுறதுக்கு முன்னால அந்தப் பொம்பள பேசனைத் தூக்கி எனக்குக் காட்டுனா. அடியில வெரல வச்சு, ஓட்டை, ஓட்டைன்னு சைகை செஞ்சா. ஒழுகுது, அதான் தூரப் போடுதேன்னு. அதுல ஓட்டை இல்ல டீச்சர். நான் பாத்தேன், ஒரு சொட்டு ஒழுகல. நான் வெக்கப்படக் கூடாதுன்னு அப்படிச் சொன்னா. கத்துன பிள்ளைகள ஒரு பார்வை பாத்தா, கப்சிப். எறிஞ்சுட்டு வந்து, அந்த மழையில எங்கயோ ஓடிப் போயி, கடைச் சீட்டுக்கூடக் கிழிக்காத புதுப் பேசன் ஒண்ணு கொண்டாந்தா. அதுல மாவு பிசைஞ்சா. எனக்குச் செம்புல தண்ணி எடுத்து, நான் கை நீட்ட, அவளே ஊத்துனா. முட்டைக்கோஸ் எலையில அரிசியும் கறியும் வச்சுச் சுருட்டுனது, எட்டு தின்னேன். எட்டு. ஒம்பதாவது அவளா வச்சா."

டீச்சரின் பேனா காகிதத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. அடுக்களை வாசலில் இஞ்ஞாசியம்மாள் வந்து நின்றுகொண்டிருந்தாள், கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை.

"இத்தனை வருசமா இத ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"ஏளா, இதச் சொன்னா ஒருத்தரும் சிரிக்கமாட்டாவ" என்றார் சந்தியாகு.